வீட்டுப் பின்புறத்தில் தகர மேட்டுப்பாத்தி: சென்னை வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா?

மடிப்பாக்கம் கொல்லை:

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் தனி வீடு. பின்னால் 20க்கு 12 அடி இடம் சும்மா கிடக்கிறது. மண் சுத்தக் களி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, வடியவே மாட்டேன் என்னும். தரையில் வைத்த கத்தரியும் மிளகாயும் மழைக்கு வேர் அழுகிச் சாவது வழக்கமாகிவிட்டது.

அதனால் மேட்டுப்பாத்தி போடலாம் என்று இருக்கிறேன். மரப்பலகை வேண்டாம், எங்கள் தெருக் கரையான் வாசல் நிலையையே விட்டுவைப்பதில்லை. ஜிஐ ஷீட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகரத்தில், 8 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு அடியில்லாத பெட்டி செய்து மண் நிரப்புவதாக யோசனை.

சந்தேகங்கள் இவைதான். கத்திரி வெயிலில் தகரம் கொதித்து வேர் வெந்துபோகாதா? எத்தனை காலம் துருப்பிடிக்காமல் நிற்கும்? மேலே பூசியிருக்கும் துத்தநாகம் மண்ணில் இறங்கி, கீரை வழியாக நம் வயிற்றுக்குள் வருமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறாள், அதனால் என் மனைவி இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார். போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருவான்மியூர் கீரைக்கட்டு:

வணக்கம் தம்பி. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். உங்களுக்குக் களி என்றால் எங்களுக்கு மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், அதற்காகவே நான் தகரப் பாத்தி வைத்தேன். எனவே துருவைப் பற்றி நான் தாராளமாகச் சொல்லலாம்.

உப்புக்காற்றில்கூட ஷீட்டின் நடுப்பகுதி சீக்கிரம் கெடுவதில்லை. வெட்டிய ஓரமும் போல்ட்டுக்குப் போட்ட ஓட்டையும்தான் முதலில் போகும், ஏனென்றால் அங்கே பூச்சு அறுபட்டு இரும்பு வெளியே தெரிகிறது. ஆரம்பத்தில் வெள்ளைப் பொடி மாதிரி பூக்கும். அது துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பது, பயப்பட வேண்டாம். அதன் பிறகு காவி நிறம் தெரிந்தால்தான் இரும்பு அரிக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். என் பாத்தியில் கடற்காற்று நேராக அடிக்கும் கிழக்கு முகத்தில் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காவி வட்டம் இருக்கிறது. அதே நாளில் முடுக்கிய மேற்குப் பக்கத்துப் போல்ட்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.

கடலோரத்தில் இருப்பவர்கள் சாதா ஜிஐக்குப் பதில், கூரைக்குப் போடும் வண்ணம் ஏற்றிய அலுமினியம்-துத்தநாகப் பூச்சு ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும். மடிப்பாக்கம் உள்ளே தள்ளி இருப்பதால் உங்களுக்கு நல்ல ஜிஐயே போதும் என்று நினைக்கிறேன்.

அம்பத்தூர் பட்டறை:

ஷீட் வேலைதான் எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மேடம் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: அந்த அலுமினியம் கலந்த பூச்சுக்குச் சுண்ணாம்பும் ஈரச் சிமென்ட்டும் ஆகாது. பாத்தியின் அடியைச் சிமென்ட் வைத்துப் பூசினால் அந்த வரியோடு அரித்துவிடும்.

கனம்தான் முக்கியம். கூரை ஷீட் 0.45 அல்லது 0.5 மி.மீ. வரும். அதில் நெளிவு இருப்பதால் மண்ணின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். தட்டை ஷீட்டில் அந்தக் கனம் போதாது, ஒரு மழை குடித்ததும் நடுவில் வயிறு தள்ளிவிடும். தட்டை ஷீட் என்றால் 20 கேஜ் போடுங்கள், 0.9 மி.மீ. வரும். கடையில் சும்மா ஜிஐ என்று கேட்டால் மெல்லிய பூச்சு உள்ளதைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஐஎஸ் 277 என்ற இந்தியத் தரத்தில் 275 கிராம் பூச்சு என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அவ்வளவு துத்தநாகம் என்று பொருள். மண்ணடி, செம்புதாஸ் தெருப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும்.

அப்புறம், தயவுசெய்து மூலைகளை வெல்டிங் வைக்காதீர்கள். ஜிஐயை வெல்டு செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோய், துரு அங்கிருந்தே தொடங்கும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் புகையைச் சுவாசிக்கும் வெல்டருக்கு அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். எங்கள் தொழிலில் இதைப் பார்க்காதவர்கள் இல்லை. மூலைக்கு ஒன்றரை அங்குல ஜிஐ ஆங்கிள் நிறுத்தி, ஜிஐ போல்ட்டும் ரப்பர் வாஷரும் போட்டு முடுக்கினால் போதும், நாளைக்குக் கழற்றவும் முடியும். வெட்டின ஓரத்திலும் ஓட்டையிலும் துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை அடித்துவிடுங்கள். 8 அடி நீளத்துக்கு குறுக்கே இரண்டு கம்பி கட்டாயம் வேண்டும், இரண்டு நீளப் பக்கங்களையும் இழுத்துப் பிடிக்க. மேல் ஓரத்தை வெளிப்பக்கமாகக் கீழே பார்த்து மடிக்கச் சொல்லுங்கள். மேலே பார்த்துக் கால்வாய் மாதிரி விட்டால் மழைத் தண்ணீர் அதில் தேங்கும், டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே தாராளம்.

வேளச்சேரி வெண்டை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2003 மே 31 அன்று இந்த ஊரில் 45 டிகிரி அடித்தது. வருடாவருடம் 40ஐத் தாண்டாமல் விடுவதில்லை. இப்படி ஓர் ஊரில் செடியைச் சுற்றி இரும்பை நிறுத்துவானேன்? குளிர்நாடுகளில் மண் சீக்கிரம் சூடேற வேண்டும் என்று வைக்கிறார்கள், அவர்களுக்கு அது லாபம். நமக்குச் செங்கல்தான் சரி. சாந்து இல்லாமல் வெறுமனே அடுக்கினால் நாளைக்கு எடுத்துவிடவும் முடியும்.

குரோம்பேட்டை பந்தல்:

வேளச்சேரி அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சூடு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம். வாடகை வீடு மாறும்போது என் தகரப் பாத்தியைப் பிரித்தேன். கழற்றியதும் மண் அப்படியே கட்டியாக நின்றது, வேர் ஓட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. கிழக்குப் பக்கம் வெள்ளை வேர்கள் தகரத்தை ஒட்டியே படர்ந்து, நெளிவு நெளிவாக அச்சு எடுத்த மாதிரி இருந்தன. மேற்குப் பக்கம் மூன்று, நான்கு விரற்கடை அகலத்துக்கு வேரே இல்லை. இருந்த ஒன்றிரண்டும் நுனி பழுப்பாகி உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. அந்தப் பட்டையைத் தாண்டினால் எங்கும் ஒரே மாதிரிதான், நடுவில் நின்ற கத்தரிக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆக, பிரச்சினை மேற்குச் சுவர். அதனால் பாத்தியின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். 3 அடிக் குறுகிய பக்கம் மட்டும் சாயங்கால வெயிலைப் பார்க்கும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிட்டு, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியத்தில் சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும். எனவே கோடையில் தெற்கு முகத்துக்கு நேர் வெயில் குறைவு. மார்கழியில் தெற்குப் பக்கம் நன்றாக வெயில் படும், அப்போது அது செடிக்கு நல்லதுதான்.

மேற்குப் பக்கத்து உட்சுவரில் பழைய கோணியை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு மண் போடுங்கள். வெளியே சர்க்கரைவள்ளிக் கொடியையோ பொன்னாங்கண்ணியையோ ஓரத்திலிருந்து சரிய விடுங்கள், தகரத்தில் வெயிலே படாது. வெள்ளை அல்லது இளம்பச்சை நிற ஷீட் எடுங்கள், கறுப்பும் கருஞ்சாம்பலும் வேண்டாம். சித்திரை, வைகாசியில் மேலே 50 சதவீத நிழல்வலை. இது தரைச் செடிக்கும் தொட்டிச் செடிக்கும்கூடத் தேவைதானே, தகரத்தின் குற்றம் இல்லை.

வேளச்சேரி வெண்டை:

அந்த நான்கு விரற்கடைக் கணக்கு எனக்குப் புதிது, நன்றி தம்பி. 3 அடி அகலப் பாத்திக்கு அது பெரிய இழப்பில்லை. ஆனால் ஒரு அடி அகலத்தில் சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள் விற்கிறார்களே, அதில் இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை போனால் மீதி என்ன இருக்கும்? அதை யாரும் வாங்காதீர்கள் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

நங்கநல்லூர் மண்வாசம்:

துத்தநாகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே, அந்தத் தங்கை கவலைப்படுவது இதற்குத்தானே? நான் வேளாண்மை படித்தவன், சொல்கிறேன். துத்தநாகம் பயிருக்கு வேண்டிய நுண்ணூட்டம். தமிழ்நாட்டு மண்ணில் பரவலாக இது பற்றாக்குறை. நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்லிப் பரிந்துரையே இருக்கிறது. நாமாகக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற சத்து அது.

பூச்சு வேகமாகக் கரைவது புளிப்பு மண்ணில்தான், பி.எச். 6க்குக் கீழே போனால். சென்னையில் மண்ணும் சரி, போர் தண்ணீரும் சரி, பெரும்பாலும் காரப் பக்கம்தான் சாயும், அதில் மிக மெதுவாகவே கரையும். அப்படிக் கரைவதும் தகரத்தை ஒட்டின மண்ணிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிடும். எனவே குழந்தைக்குத் தாராளமாகக் கீரை கொடுக்கலாம். புளித்த மோர்க் கரைசல், மீன் அமிலம் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் செடியின் தூரில் ஊற்றுங்கள், தகரத்தின் ஓரமாக ஊற்ற வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாப் பொட்டாஷ் உரமும் குளோரைடுதான், அதுவும் ஓரத்தில் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பழைய பீரோத் தகரம், பழைய கேட், கெமிக்கல் டிரம் இவற்றை வெட்டிப் பாத்தி செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்று வரம்பு வைத்த விதியே 2016இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் உரிந்து மண்ணில் விழுந்தால் அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

மடிப்பாக்கம் கொல்லை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சார் எழுதியதை மனைவியிடம் காட்டினேன், சம்மதம் கிடைத்துவிட்டது. இனி அடிப்பக்கம். பாத்திக்கு அடியில் ஜல்லி ஒரு அடுக்குப் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று கொத்தனார் சொல்கிறார். போடலாமா? பெருச்சாளித் தொல்லையும் இருக்கிறது.

நங்கநல்லூர் மண்வாசம்:

ஜல்லி வேண்டாம். நுண்ணிய மண்ணுக்குக் கீழே திடீரென்று பெரிய இடைவெளி உள்ள ஜல்லி வந்தால், மேல் மண் முழுக்க நனைந்து ஊறும் வரை தண்ணீர் கீழே இறங்காது. ஈரம் ஜல்லிக்கு மேலேயே தங்கி நிற்கும், வேர் அழுகலுக்கு நாமே வழி செய்த மாதிரி ஆகும். அதற்குப் பதில் அடியில் இருக்கும் களியைக் கடப்பாரையால் முக்கால் அடி ஆழம் குத்திக் கிளறி, தொழு உரம் போட்டுக் கலந்துவிடுங்கள். மேல் மண்ணும் கீழ் மண்ணும் ஒட்டி உறவாட வேண்டும்.

குரோம்பேட்டை பந்தல்:

பெருச்சாளிக்கு அரை அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ். தரையில் விரித்து, ஓரத்தை நான்கு அங்குலம் தகரத்தின் உள்பக்கமாக மேலே மடித்துக் கட்டுங்கள். கோழி வலை போதாது, கடித்துவிடும். மண்புழு அந்தக் கண் வழியாகத் தாராளமாக மேலே வரும்.

அம்பத்தூர் பட்டறை:

இடம் தேர்வு செய்யும்போது மழைநீர் சேகரிப்புக் குழியைப் பாருங்கள். 2003க்குப் பிறகு எல்லா வீட்டிலும் இருக்க வேண்டுமே. அதன் மேலோ செப்டிக் டேங்க், சம்ப் மூடி மேலோ பாத்தியை வைத்துவிட்டால் அப்புறம் நகர்த்த வழியே இல்லை. காம்பவுண்டுச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள். சுவரில் ஓதம் ஏறாது, நீங்களும் நாலு பக்கமும் நின்று களை எடுக்கலாம்.

திருவான்மியூர் கீரைக்கட்டு:

பக்கத்தில் முருங்கையோ வேம்போ தென்னையோ இருக்கிறதா தம்பி? இருந்தால் தள்ளியே வையுங்கள். நாம் போடும் நல்ல மண்ணையும் தண்ணீரையும் தேடி அந்த வேர்கள் அடியிலிருந்து மேலே ஏறிவிடும். என் பாத்தியில் பக்கத்து வீட்டு வேம்பின் வேர் ஒரு பாய் மாதிரி பின்னிக் கிடந்தது.

மடிப்பாக்கம் கொல்லை:

மரம் எதுவும் அருகில் இல்லை அக்கா. நிரப்புவதற்கு எவ்வளவு மண் சொல்ல வேண்டும்?

திருவான்மியூர் கீரைக்கட்டு:

8 பெருக்கல் 3 பெருக்கல் ஒன்றரை, 36 கன அடி. லாரிக்காரர் கணக்கில் யூனிட் என்பது 100 கன அடி, உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அவ்வளவையும் மண்ணாகவே வாங்க வேண்டாம். அடியில் அரை அடிக்குக் காய்ந்த தேங்காய் மட்டை, சருகு, நறுக்கிய வாழைத்தண்டு போடுங்கள். மட்டையின் குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும். வெளிநாட்டு வீடியோக்களில் அடியில் மரக்கட்டை போடுவதைப் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள், கரையானுக்கு நாமே விருந்து வைப்பதாகிவிடும். சருகு மேல் ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு தூவுங்கள்.

மேலே உள்ள ஒரு அடிக்கு மண் கலவை. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. கோகோபீட்டை ஊறவைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், உப்பு இருக்கும். உங்கள் களிமண்ணிலும் கொஞ்சம் சேருங்கள், சத்தைப் பிடித்து வைக்கும்.

செம்மண் என்று சொல்லிக் கட்டட இடிபாட்டைக் கலந்து கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, எனக்கு நடந்திருக்கிறது. இறக்குவதற்கு முன் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். அடியில் மணல், அதன் மேல் வண்டல், கடைசியில் களி என்று மெதுவாகப் படியும். சிமென்ட் துண்டு, செங்கல் பொடி இருந்தால் உடனே தெரிந்துவிடும். நிரப்பின மண் சில மாதத்தில் நான்கைந்து விரற்கடை கீழே இறங்கும். அது மட்கி அமர்வது. மேலே உரம் போட்டு நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

மடிப்பாக்கம் கொல்லை:

பாத்தி நின்றுவிட்டது! ஆனியில் ஷீட்டை வெட்டி வாங்கி, மைத்துனரும் நானும் சேர்ந்து பூட்டினோம். அதிக நேரம் பிடித்தது மட்டம் பார்ப்பதுதான். ரசமட்டத்தை ஷீட் மேல் வைத்தால் நெளிவில் ஆடுகிறது. அதனால் ஒரு நீளச் சட்டத்தைக் குறுக்கே வைத்து அதன் மேல் பார்த்தோம். ஒரு மூலை இரண்டு விரற்கடை தாழ்வாக இருந்தது, அங்கே மண்ணை ஏற்றி மிதித்துச் சரிசெய்தோம். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவா என்று டேப் பிடித்துப் பார்த்த பிறகுதான் போல்ட்டைக் கடைசி முடுக்கு முடுக்கினோம். பாதி மண் போட்டதும் குறுக்குக் கம்பி வீணைத் தந்தி போல விறைத்துக்கொண்டது. பட்டறை அண்ணன் ஏன் அத்தனை தூரம் வற்புறுத்தினார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தாயிற்று. நடுவில் கத்தரி, வெண்டை. கிழக்கு ஓரத்தில் சிறுகீரை, அரைக்கீரை. மேற்கு ஓரத்தில் சர்க்கரைவள்ளி.

குரோம்பேட்டை பந்தல்:

அருமை! ஐப்பசிக்கு முன் கத்தரிக்குக் குச்சி ஊன்றிவிடுங்கள், ஈர மண்ணில் காற்றுக்குச் சாயும்.

மடிப்பாக்கம் கொல்லை:

மழைக்குப் பிறகு எழுதுகிறேன். தெருவில் தண்ணீர் நின்றது, கொல்லையிலும் அரை அடி நின்றது. பாத்தியின் கீழ்ப்பகுதி ஊறித்தான் இருந்தது, ஆனால் மேல் ஒரு அடி ஈரமாக மட்டும் இருந்தது, சொதசொதப்பு இல்லை. கத்தரி ஒன்றுகூடச் சாகவில்லை. சிறுகீரை மட்டும் மழை அடித்து மண்ணோடு படுத்துவிட்டது. அடுத்த முறை மழை மாதத்தில் கீரைக்கு மேல் வலை கட்ட வேண்டும். மழை நீர் உப்பைக் கழுவிவிட்டது போலிருக்கிறது, போர் தண்ணீர் ஊற்றி மண்மேல் படிந்திருந்த வெள்ளைப் பூச்சு காணோம். ஷீட்டின் வெளிப்பக்கம் ஒரு இடத்தில்கூட வயிறு தள்ளவில்லை.

புதுவண்ணை மாடி:

இழை முழுக்கப் படித்தேன், மிகவும் பயனுள்ளது. எங்களுக்குக் கொல்லை இல்லை, மொட்டை மாடிதான். இதே 8க்கு 3 பாத்தியை மாடியில் வைக்கலாமா?

அம்பத்தூர் பட்டறை:

வேண்டாம் சார், இதை மட்டும் செய்யாதீர்கள். ஆள் ஏறிப் புழங்கும் மாடிக்கு ஐஎஸ் 875 தரத்தில் கணக்கு எடுப்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஒன்றரை அடி உயர மண் மழையில் ஊறினால் சதுர மீட்டருக்கு 700 கிலோவைத் தாண்டிவிடும். மாடிக்கு, பீம் ஓடுகிற வரிசை மேலேயோ சுவர் மேலேயோ தள்ளித் தள்ளி வைத்த பைகளும், பாதிக்கு மேல் கோகோபீட் சேர்த்த இலேசான கலவையும்தான் சரி. அதுவும் கட்டடம் பழையது என்றால் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகு. கீரைக்கு அரை அடி ஆழமே போதும், அதற்குப் பாத்தி தேவையில்லை.